மேலே என்ன, கீழே என்ன

"செவ்வாய் காலை 6.10. மேல மூணு அடி. கீழ தெரியல. போய்ப் பாத்துட்டு சொல்றேன்."

பின்னால் என் கைக்கு வந்த குறிப்பு அவ்வளவுதான். நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது. முன்பக்கத்தில் ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்று அச்சாகியிருக்கிறது. எழுதியவர் கிழித்த தாள்களை வீணாக்காமல் சேர்த்து வைத்திருந்து எழுதுகிறவர். ஆகவே குறிப்பின் நாள் அந்த வியாழனுக்குப் பிந்தைய ஏதோ ஒரு செவ்வாய் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. என் டைரியில் உள்ள மழைக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, மழை விட்ட மறுநாள் என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பத்திர எழுத்தர். தேதி பிசகினால் சொத்தே பிசகிவிடும் தொழில். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. வருடந்தோறும் எங்கள் ஊருக்கு ஆற்றில் தண்ணீர் வந்த நாள், முதல் மழை, முதல் அறுப்பு, தெருவில் நடந்த கல்யாணம், சாவு எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை. எழுதாமல் இருக்க முடிந்ததும் இல்லை.

குறிப்பை எழுதியவர், வலங்கைமானிலிருந்து குடவாசல் போகும் சாலையிலிருந்து விலகி உள்ளே போனால் வரும் நீரொழுங்கியில் லஸ்கர் வேலை பார்த்தவர். நீரொழுங்கி என்பது காகிதத்தில் எழுதும் சொல். ஊரில் அது சட்ரஸ். ஆற்றின் குறுக்கே ஆறு இரும்புக் கதவுகள், அவற்றை ஏற்றி இறக்கத் திருகு, தண்ணீரின் உயரம் பார்க்கச் சுவரில் அடிக்கோடு. கதவுகளைத் திருகுவதும், அளவு எழுதுவதும், கரையை நடந்து பார்ப்பதும் லஸ்கரின் வேலை. அவர் கணவர் வேறொரு சட்ரஸில் பார்த்துவந்த வேலை அது. கணவர் இறந்தபின் கருணை அடிப்படையில் இவருக்குக் கிடைத்தது. என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவாகவும் இருக்கலாம். ஊர் அவரைச் சட்ரஸம்மா என்றது. நானும் அப்படியே அழைத்தேன்.

முதல் சந்திப்பிலேயே என் நோட்டைத் திருத்தினார். தண்ணீர் வந்த தேதி கேட்கப் போயிருந்தேன்.

"என்னைக்கும்மா வந்துச்சு?"

"எங்க வந்ததக் கேக்குறீங்க?"

"இங்கதான். சட்ரஸுக்கு."

"மேல் பக்கம் வந்து நின்னது ஒரு நாளு. நான் கதவத் தொறந்து கீழ போனது ஒரு நாளு. கடைசி வயல்ல போயி ஏறுனது இன்னொரு நாளு. இதுல எத எழுதப் போறீங்க?"

இருபது வருடமாக ஒரே தேதியை எழுதிவந்தவன் நான். அன்று மூன்று கட்டம் போட்டேன். அவர் நோட்டை எட்டிப் பார்த்து, "இப்ப சரி" என்றார், பள்ளிக்கூட வாத்தியார் போல.

எதையும் அதன் இடத்தில் வைத்து மட்டும் பார்க்க அவரால் முடியாது. ஒன்று தகராறு செய்தால், அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்று நடந்து போய்ப் பார்ப்பார். அது ஆற்றுக்காரர்களுக்கு இருக்கவேண்டிய புத்திதான். அவருக்கு அது மனுஷர்கள் விஷயத்திலும் இருந்தது. தன் விஷயத்தில் இன்னும் கூடுதலாக.

"பத்தரை மணிக்கு மேல வர்ற கோவத்த நான் நம்புறதில்ல சார்" என்பார். "காலையில நான் ஒழுங்கா சாப்புடுறதில்ல. அது கோவம் இல்ல, பசி. எங்க ஏஇ திட்டுனா பதில் சொல்லாம வந்து ரெண்டு இட்லி தின்னுட்டு யோசிப்பேன். அப்பவும் கோவம் இருந்துச்சுன்னா, அது நெஜம். அன்னைக்கு அவர விடமாட்டேன்." விடாத நாள்களும் உண்டு. கரை பலப்படுத்தக் கொடுத்த மணல் மூட்டைகளில் பாதி வரவில்லை என்று அவர் ஏஇ என்கிற அந்த உதவிப் பொறியாளரின் ஜீப் முன்னால் நின்ற நாளை நான் எழுதி வைத்திருக்கிறேன். நேரம், பிற்பகல் இரண்டு. சாப்பிட்டு முடித்த பிறகு.

கணவரைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினார். நான் கேட்கவில்லை. கதவில் சிக்கிய மட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். "அவரு போன அன்னைக்கு எனக்கு அழுகையே வரல. சனமெல்லாம் என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. ஏழாவது மாசம், அரிசி களைஞ்சிக்கிட்டு இருக்கேன், கைய எடுக்க முடியல. அப்படி ஒரு அழுகை. எம் மவ என்னம்மா ஆச்சுன்னு ஓடி வர்றா. என்னன்னு சொல்றது? மேட்டூர்ல தொறந்தது இங்க வர எத்தன நாளாவுது? அது மாதிரிதான். வந்து சேந்துச்சு, அவ்வளவுதான்." மட்டையைக் கரையில் வீசிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

மூன்று நாள் மழை. சட்ரஸுக்குக் கிழக்கே இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஒரு வடிகால் ஓடுகிறது. வயலில் தேங்கும் தண்ணீரை வெளியே கொண்டுபோகிற வாய்க்கால் அது. மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. சம்பா பயிர் தலைமுழுகி நின்றது. இன்னும் இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும். எட்டு மணிக்கு நான் போனபோது வடகரையில் பதினொரு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள், தென்கரையில் ஒன்பது பேர். எதிர்க்கரைக்காரன் ராவோடு ராவாக நம் கரையை வெட்டித் தண்ணீரை இந்தப் பக்கம் தள்ளிவிடுவான் என்பது இரு தரப்பாரின் பயம். இரண்டு நாளாக முறை வைத்துக் காவல் நிற்கிறார்கள். சட்ரஸம்மா முழங்கால் வரை சேற்றோடு வடகரையில் ஏறினார்.

"தண்ணி ஏன் வடியலன்னு யாராச்சும் கீழ போய்ப் பாத்தீங்களா?"

"நாங்க போனா இங்க யாரு நிக்கிறது? போற நேரம் பாத்து வெட்டிட்டான்னா?"

நடைபாலம் வழியாகத் தென்கரைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டார். வார்த்தை மாறாமல் அதே பதில் வந்தது. நான் இரண்டையும் எழுதி ஒப்பிட்டிருக்கிறேன். ஒரே வித்தியாசம், தென்கரைக்காரர் "அந்தப் பயலுவ" என்று சேர்த்துக்கொண்டார்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றார் சட்ரஸம்மா. "ஒரு மைல் கீழ, ரோட்டுப் பாலத்துக்கிட்ட ஆகாயத்தாமரை அடச்சிக்கிட்டு கெடக்கு. உள்ள ஒரு பூவரச மரமும் விழுந்து கெடக்கு. மேல மூணு அடி நிக்கிது, கீழ முழங்காலுக்குக்கூட இல்ல. இருபது ஆளு எறங்குனா மத்தியானத்துக்குள்ள எடுத்துடலாம்."

இரண்டு கரையிலும் ஒருவரும் அசையவில்லை. இருபது பேர் வேண்டும், இருபது பேரும் அங்கேயே இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு. வேறு யாராவதாக இருந்திருந்தால் இரு தரப்பையும் திட்டியிருப்பார்கள். நான் திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் நடைபாலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"இந்தக் கரையில ஒரு ஆளு குடுங்க. அந்தக் கரையிலேருந்து ஒரு ஆளு எடுத்துக்கிறேன். சோடி சோடியா போவோம். காவல் கொறையட்டும், ரெண்டு பக்கமும் சமமா கொறையட்டும்."

"சமம் எங்கேருந்து வந்துச்சு?" என்றது தென்கரை. "நாங்க ஒம்பது பேரு. அவன் பதினொன்னு. மொதல்ல அவன் ரெண்டு பேர அனுப்பட்டும்."

"ஏன், நாங்க என்ன இளிச்சவாயனுங்களா?" என்றது வடகரை.

பேச்சு தடித்தது. அப்போது வடகரையிலேயே ஒருவர், "எம் மச்சான இட்டுக்கிட்டு போம்மா. அவன் நின்னாலும் ஒண்ணுதான், நிக்காட்டியும் ஒண்ணுதான். ரெண்டு நாளா தூங்கிக்கிட்டுத்தான் காவல் நிக்கிறான்" என்றார். இரண்டு கரையும் சிரித்துவிட்டது. மச்சான் முறைத்துக்கொண்டே இறங்கினார். அவர் பின்னால் இன்னொருவர். ஒன்பதுக்கு ஒன்பது ஆனது. பிறகு சோடி சோடியாக ஆட்கள் போனார்கள். கடைசியில் கரைக்கு ஒரு பெரியவர் மிஞ்சினார். இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பாலத்தைக் கடந்து போய் மற்றவரிடம் நெருப்புப்பெட்டி வாங்கிப் பீடி பற்றவைத்ததைப் பார்த்தேன்.

பாலத்தடியில் மரத்தை இழுக்கும்போது ஒருவர், "எவன் வெட்டிப் போட்ட மரம் இது?" என்று ஆரம்பித்தார்.

"இப்ப அதக் கேட்டீங்கன்னா மறுபடியும் கரைக்குப் போயி நிப்பீங்க" என்றார் சட்ரஸம்மா. "கயித்த புடிங்க."

ஒன்றரை மணிக்குத் தண்ணீர் நகர்ந்தது. மறுநாள் காலை பயிரின் நுனி தெரிந்தது. அந்த மரத்தை யார் வெட்டியது என்பது கடைசிவரை பேசப்படவில்லை. அது நியாயமா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. தப்பு செய்தவன் பெயர் தெரிந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிற ஜாதி நான். அவரிடமே கேட்டேன். "தெரிஞ்சா நல்லதுதான். ஆனா பயிரு முழுவுறப்ப அதத் தேடுனா, தேடுறதுக்குள்ள பயிரு போயிடும்" என்றார்.

இந்தப் புத்தி ஒருமுறை அவரைக் கவிழ்த்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் படம் பொய்யாகிவிடும்.

அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி. புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். ஒரு நாள் உதடு கிழிந்து ஓடிவந்தவளை உட்காரவைத்து, இவர் வழக்கம்போல் ஆரம்பித்திருக்கிறார். என்னைக்கெல்லாம் அடிக்கிறான், அன்னைக்கு அவன் வேலைக்குப் போனானா, அதற்கு முன் வீட்டில் என்ன பேச்சு நடந்தது. அந்தப் பெண் எழுந்து நின்று, "நான் அடிவாங்கிட்டு வந்து நிக்கிறேன். நீ என்னமோ ஆத்துக்கு அளவு எடுக்குற மாதிரி எடுத்துக்கிட்டிருக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் சட்ரஸம்மா அவள் வீட்டு வாசலில் போய் நின்று, அவளைக் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார். புகார் எழுதும்வரை நகரவில்லை. அதன்பிறகும் அந்தப் பெண் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

"எந் தப்புதான் சார். வீட்டுக்குள்ள தண்ணி பூந்துட்டா மொதல்ல ஆளத் தூக்கி மேட்டுல வெக்கணும். எங்கேருந்து வருதுன்னு அப்பறம் பாத்துக்கலாம். நான் வரிசைய மாத்திட்டேன். அவ என்னா செஞ்சா, அவன் ஏன் செஞ்சான்னு ரெண்டையும் ஒரே தராசுல வெச்சது அதவிடத் தப்பு."

அதற்குப் பிறகு யார் எந்தக் குறையோடு வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "இப்ப ஆபத்து எதாச்சும் இருக்கா?" என்பதாக ஆனது. என்னிடமும் அதைத்தான் முதலில் கேட்டார்.

என் மகன் படித்து முடித்துச் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்திருந்தான். ஒரே பிள்ளை. தினமும் மாலை ஏழு மணிக்கு அவனைக் கூப்பிடுவேன். சாப்பிட்டியா, ஆபீஸ் எப்படிப் போகுது, எப்ப ஊருக்கு வர்றே. இந்த மூன்றும்தான். பேசியதையும் நோட்டில் எழுதுவேன், தேதி, நேரம், எத்தனை நிமிஷம் என்று. ஆரம்பத்தில் ஆறு, ஏழு நிமிஷம் இருந்தது. ஒரு கட்டத்தில் இரண்டாகக் குறைந்தது. பிறகு 'எடுக்கவில்லை' என்று எழுதவேண்டி வந்தது. எடுக்கவில்லையே என்று காலையிலும் கூப்பிட்டேன். காலையிலும் எடுக்காததால் மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன். அதையும் எடுக்காததால் அவனோடு அறையில் இருக்கும் பையனைக் கூப்பிட்டேன். அன்று மகனே பேசினான். "அப்பா, உயிரோடதான் இருக்கேன். போதுமா?" நோட்டில் அது பத்து நொடி என்று இருக்கிறது.

அதன்பின் பேச்சே இல்லை. அம்மாவுக்கு மட்டும் 'நல்லா இருக்கேன்மா' என்று வாரம் இரண்டு தடவை வரும். பெற்ற பிள்ளை நம்மை விட்டுப் போகிறான் என்பது எனக்குப் புரிந்தது, ஏன் என்பது புரியவில்லை. சென்னைக்குப் பஸ் ஏறி அவன் ஆபீஸ் வாசலில் போய் நிற்பது என்று முடிவு செய்தேன். போவதற்கு முந்தின நாள் சட்ரஸுக்குப் போனேன். யோசனை கேட்கப் போகவில்லை. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்க ஆசை.

"இப்ப ஆபத்து எதாச்சும் இருக்கா?"

"இல்ல. அவங்க அம்மாவுக்கு மெசேஜ் போடுறான். உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"சரி. நோட்டக் குடுங்க."

படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடிக்கோட்டு ரிஜிஸ்தரைப் பார்ப்பது போல் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"நீங்க கூப்பிட்டது இருக்கு. அவன் எடுத்தது இருக்கு, எடுக்காதது இருக்கு. அவன் கூப்பிட்டது எங்க சார்?"

"கூப்பிட்டாத்தானே எழுத?"

"அதுக்குக் கட்டமே போடலியே நீங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. "கட்டம் போட்டா கூப்பிட்டுடுவானா?"

"கூப்பிட அவனுக்கு எங்க நேரம் குடுத்தீங்க? அப்பாகிட்ட பேசுவோம்னு ஒரு நெனப்பு அவனுக்கு ஊறணும்ல. ஊறுறதுக்கு முன்னாடி உங்க போன் வந்துடுது. தெனம் ஏழு மணிக்கு. அவன் எடுக்காததுனால நீங்க கூப்பிடுறீங்க. நீங்க கூப்பிடுறதுனால அவன் எடுக்கல. ரெண்டு பேருமா சேந்து ஒரே திருகத் திருகிக்கிட்டு இருக்கீங்க."

"அப்ப தப்பு எம் மேலங்கிறீங்க."

"தப்பு யாரு மேலன்னு நான் எங்க சொன்னேன்? உங்க கையில இருக்குற கதவு எதுன்னு சொல்றேன். அவன் கையில இருக்குறத நீங்க திருக முடியாது." இரண்டு மூன்று பக்கம் பின்னால் புரட்டினார். "இங்க பாருங்க. இந்த வாரம் வரைக்கும் ஆறு, ஏழு. அதுக்கு மறுவாரம் ரெண்டு. சிறுகச் சிறுகக் கொறையல, பொசுக்குன்னு கொறைஞ்சிருக்கு. இங்க என்னமோ அடச்சிருக்கு சார். அந்த வாரம் என்ன கேட்டீங்க?"

"எப்பவும் கேக்குறதுதான். சாப்பாடு, ஆபீஸ், ஊருக்கு எப்ப வர்றே."

"இந்த மூணுல ஒண்ணுலதான் மாட்டியிருக்கு. எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாம அங்க போயி நின்னீங்கன்னா, கீழ என்ன இருக்குன்னு பாக்காம கதவ முழுசாத் தூக்குற மாதிரி. கரை நிக்காது."

"எத்தனை நாள் சும்மா இருக்கச் சொல்றீங்க?"

"தண்ணின்னா நாளு சொல்லுவேன். இது உங்க புள்ள. மூணு மாசமா திருகியிருக்கீங்க, மூணு நாள்ல எதிர்பாக்காதீங்க."

பஸ் டிக்கெட்டை ரத்து செய்தேன். நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு 'அவன் கூப்பிட்டது' என்று தலைப்பு எழுதினேன். ஒன்றைச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு திடம் வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாலை ஆறே முக்காலுக்கு போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு நடக்கப் போய்விடுவேன். "அப்பாடா, ஏழு மணிக்கு இந்த வீட்ல டிவி சத்தம் கேக்குது" என்றாள் அவள். ஆனால் நான் திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைப்பாள். வரவில்லை என்று அர்த்தம்.

ஐந்தாம் நாள் தாங்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே சட்ரஸுக்குப் போய், "ஒரே ஒரு தடவை, சும்மா ஒரு மெசேஜ்" என்றேன். சட்ரஸம்மா கிரீஸ் டப்பாவை என் கையில் திணித்தார். "கை சும்மா இருந்தா திருகத்தான் சொல்லும். ஆறு கதவுக்கும் போடுங்க." வேட்டியெல்லாம் கிரீஸாகி வீட்டுக்குப் போனேன். மனைவி சட்ரஸம்மாவை என்னென்னவோ சொன்னாள். எழுதக்கூடியதாக இல்லை.

எட்டாம் நாள் அந்த அறைப் பையனின் எண் வரை போய்த் திரும்பினேன். ஒன்பதும் பத்தும் வெறும் கட்டங்கள்.

பதினோராம் நாள் காலை 11.25. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணனும் தம்பியும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. அவன் பெயர். எழுந்து வெளியே போனேன்.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா. ஏன்?"

"கூப்பிடவே இல்ல நீங்க. அம்மாகிட்ட கேட்டா நல்லாத்தான் இருக்காருங்கிறாங்க. எனக்கு நம்பிக்கை வரல."

மூன்று கேள்விகளும் வாய்வரை வந்து நின்றன. உள்ளேயே தள்ளினேன். "நல்லாத்தான் இருக்கேன். பாகப்பிரிவினை ஒண்ணு எழுதிக்கிட்டு இருக்கேன். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எதிர்லயே உக்காந்திருக்காங்க."

"சண்டையா?"

"இன்னும் இல்ல. எல்லை எழுதுற பக்கம் வரல."

சிரித்தான். அவன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் என்று நோட்டைப் பார்க்காமல் சொல்லத் தெரியவில்லை. பிறகு பேச்சு நின்றது. நானும் நிரப்பவில்லை. உள்ளேயிருந்து "சார், மதிப்பு எவ்வளவுன்னு..." என்று குரல் வந்தது. கையைக் காட்டி அடக்கினேன்.

"அப்பா, நான் வேலைய விட்டு மூணு மாசம் ஆவுது."

வேலையை விட்டதல்ல என்னை உறுத்தியது. மூன்று மாதமாக, அவன் போனை எடுத்த ஒவ்வொரு மாலையும் நான் அவனிடம் ஆபீஸ் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாலையும் அவன் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் அவன் ஆபீஸ் வாசலில் போய் நின்றிருந்தால்?

"சரிப்பா" என்றேன். அதுவே போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. "சாயங்காலம் கூப்பிடுறேன்பா, நிறைய சொல்லணும்" என்றான்.

கூப்பிட்டான். நாற்பத்தோரு நிமிஷம். நான்காவது கட்டத்தில் முதல் பதிவு காலையினது, இரண்டாவது அது.

சட்ரஸம்மாவிடம் போய்ச் சொன்னபோது, அவர் சந்தோஷப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "ஆபீஸ்தானா? ஊருக்கு எப்ப வர்றேங்கிற கேள்வியா இருக்கும்னு நான் நெனச்சேன்" என்றார். தன் ஊகம் பிசகியதில் அவருக்கு ஒரு சின்ன வருத்தம். "இனிமே நீங்களும் கூப்பிடுங்க சார். எப்பயும் மூடியே வெச்சிருந்தாலும் துருப்புடிச்சிடும். ஆனா நோட்ட மட்டும் கட்டி வெச்சிடுங்க." நோட்டைக் கட்டி வைக்கவில்லை. நிமிஷம் எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

அடுத்த வருடம் அவருக்கு வேறு பிரிவுக்கு மாற்றலானது. கும்பகோணம் பக்கம் என்று கேள்வி. போகிற அன்று சொல்லிக்கொண்டு போகக்கூட இல்லை. புது லஸ்கரிடம் ஆறு கதவுகளின் குணத்தையும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மகன் இப்போது திருச்சியில் இருக்கிறான். போன மாதம் ஊருக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "அந்த சட்ரஸம்மா எப்படி இருக்காங்க?"

அவர் இந்த சட்ரஸுக்கு வந்ததே அவன் வெளியூர் போனபிறகுதான். அவன் அவரைப் பார்த்ததில்லை. நான் அவனிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, வெட்கம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாய் திறந்து, மோர் கேட்டேன்.

பிறகு மனைவியைக் கேட்டேன். "நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப ஒரு நாளு அந்தம்மா வந்து அவன் நம்பரு கேட்டுச்சு. குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல" என்றாள். எந்த நாள் என்றேன். உங்களைப் போல நான் எழுதியா வைக்கிறேன் என்றாள்.

ஆக, அந்தப் பதினோராம் நாள் அழைப்பு அவனுக்குள் தானாக ஊறி வந்ததா, பத்து நாளுக்குள் எப்போதோ ஒரு போன் போய், ஒரு பெண் குரல் அவனிடம் ஏதோ சொல்லி, அதனால் வந்ததா என்று தெரியவில்லை. மகனைக் கேட்டால் ஒரே பதிலில் முடிந்துவிடும். அவன் தினமும் பேசுகிறான், நேற்றும் பேசினான். நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே பென்சிலால் எழுதியிருக்கிறேன்: சரிபார்க்கப்படவில்லை.